சிப்பு ஊகிக்கும், ஜீப்பு ஆரன் அடிக்கும்

1

போன மாதம் இங்கே ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் இறந்து இந்த ஆவணியோடு மூன்று வருசம் ஆகிறது.

நர்ஸ் பெண் கதவைத் திறந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, "சின்னாசாமி, சின்னாசாமி" என்று கூப்பிட்டாள். யார் எழுந்து போகிறார்கள் என்று மற்றவர்களைப் போல நானும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மருமகள் கவிதாதான், "அத்தே, நம்மளைத்தான்" என்று என்னை எழுப்பினாள்.

இந்த ஊரில் எல்லோருக்கும் கடைசிப் பெயர் என்று ஒன்று வேண்டும். நமக்கு ஏது அது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். விமானத்தை விட்டு இறங்கிய இடத்தில் கண்ணாடிக்குள் இருந்த ஆபீசர் பெயர் கேட்டார். முதல் பெயரைச் சொன்னேன். கடைசிப் பெயர் கேட்டார். பாஸ்போர்ட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, வாயால் சொல் என்று கையைக் காட்டினார். மறுபடியும் விரலை வைத்தேன். எனக்குப் பின்னால் அத்தனை பேர் வரிசை. கிழவிக்குத் தன் பெயரே தெரியவில்லை என்று நினைத்திருப்பார். முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தி அனுப்பினார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வெளிநாட்டுக்கு வந்தவர்கள் பாலம், கட்டடம், பனி என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்த வீடும், அடுப்படிச் சன்னலும், என் செல்போனும்தான். இவற்றுக்குள் நடந்ததைத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைக் கவிதா பார்த்துக் கொடுத்தாள்.

2

என் மகன் பாண்டி டெக்சாஸ் மாநிலத்தில் சிப்பு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். கவிதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேத்தி நிலா ஏழாவது படிக்கிறாள். காலையில் மூன்று பேரும் கிளம்பிப் போனால் வீட்டில் ஏசி சத்தம் மட்டும்தான் இருக்கும். சன்னலில் நின்று பார்த்தால் நேர் ரோடு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எத்தனை கார் போனாலும் ஓர் ஆரன் சத்தம் கேட்காது. வந்த புதிதில் எல்லா வண்டியிலும் ஆரன் கெட்டுப்போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். நிலாதான், "இங்க ஆரன் அடிச்சா திட்டுற மாதிரி, பாட்டி. ரொம்ப ரூட்" என்றாள். ரூட் என்றால் எனக்குப் பஸ்சு போகிற பாதைதான் தெரியும். மரியாதை இல்லாதது என்று அப்புறம் கவிதா சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டி சாப்பிட்டு முடித்து, போனை எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்படி அவன் உட்காருவது அபூர்வம். நான் கேட்டேன்.

"ஏப்பா, நீ என்னதான் சோலி பாக்குற? ஊருல யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

"சிப்பு டிசைன்மா."

"அது தெரியும். அந்தச் சிப்புக்குள்ள என்ன இருக்கு?"

"ஒன் வெரல் நகம் அளவுதாம்மா இருக்கும். அதுக்குள்ள கோடிக்கணக்குல கேட்டு."

"என்ன கேட்டு?"

"கேட்டும்மா."

"அதான்ப்பா, என்னத்தைக் கேட்டு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. "காதால கேக்குற கேட்டு இல்லம்மா. வாசல்ல இருக்குற கேட்டு. கரண்டு போக வர தொறந்து மூடுற கேட்டு."

எனக்கு, நான் காய் எடுக்கப் போன பூப்பாறை ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்த சூப்பர்வைசர் ஞாபகம் வந்தது. மலையாளத்துக்காரர். எது சொன்னாலும் கடைசியில் 'கேட்டோ' என்று முடிப்பார். காயைப் பழுக்க விடாதே கேட்டோ, செடியை மிதிக்காதே கேட்டோ. போடியிலிருந்து போன பொம்பளைகள் நாங்கள், "கேட்டோம் கேட்டோம்" என்று கோரசாகப் பதில் சொல்வோம். அதைச் சொன்னதும் பாண்டிக்கு இன்னும் சிரிப்பு.

பிறகு அவனே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். அந்தக் கேட்டில் பல தினுசு உண்டாம். ஒரு தினுசு, இரண்டு பக்கமிருந்தும் சரி என்று வந்தால்தான் திறக்கும். இன்னொரு தினுசு, ஏதாவது ஒரு பக்கம் சரி என்றாலே திறந்துகொள்ளும். இந்த மாதிரி கேட்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் சிப்பு கணக்குப் போடுகிறதாம்.

"இதுல நான் பாக்குறது ஊகிக்கிற பகுதிம்மா" என்றான். "சிப்பு வேலை செஞ்சிக்கிட்டே போகும்போது ஒரு எடத்துல வழி ரெண்டாப் பிரியும். எந்தப் பக்கம் போகணும்கிற பதில் வரக் கொஞ்சம் தாமசமாகும். அதுவரைக்கும் சும்மா நிக்க முடியாதுல்ல? அதனால, இதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் போனோம்னு பாத்து, இப்பவும் அந்தப் பக்கந்தான்னு ஊகிச்சு ஓட ஆரம்பிச்சிரும்."

"பதில் மாத்தி வந்தா?"

"ஓடுனதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, பிரிஞ்ச எடத்துக்கே திரும்பி வந்து, மறு பக்கம் போகும்."

"வெக்கமா இருக்காதா அதுக்கு?"

"சிப்புக்கு என்னம்மா வெக்கம்."

"ஒங்கப்பா இப்பிடி ஊகிச்சு ஓட்டியிருந்தா நாம எல்லாரும் பள்ளத்துல கெடந்திருப்போம்" என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

3

என் வீட்டுக்காரர் ஜீப்பு டிரைவர். காலையில் போடியிலிருந்து கிளம்பி, முந்தலைத் தாண்டிப் போடிமெட்டு மலை ஏறி, எங்களைப் போல் காய் எடுக்கிறவர்களை ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயந்தரம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் டிரைவர்கள் ஊகிப்பதில்லை. ஆரன் அடித்து, காது கொடுத்துக் கேட்பார்கள். ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்பதால் இறங்குகிற வண்டிதான் ஓரம் கட்டும். ஓரம் கட்டியவர் ரெண்டு ஆரன் அடிப்பார். நான் ஒதுங்கி நிற்கிறேன், நீ ஏறி வா என்று அர்த்தம். அதற்குப் பிறகு இருவருக்குள்ளும் எத்தனை பகை இருந்தாலும் ஏறுகிறவன் நம்பி ஏறலாம்.

அவர் வீட்டில் அதிகம் பேசாதவர். ஜீப்பில் வருகிற பொம்பளைகள் என்னைக் கேலி செய்வார்கள்.

"ஏத்தா, ஒம் புருசன் எதுத்த வண்டிக்காரங்கிட்ட ரெண்டு ஆரனாச்சும் பேசுறாரு. ஒங்கிட்ட அதாவது உண்டா?"

"எங்கிட்ட ஒரு ஆரன்தான்" என்பேன். ஜீப்பே குலுங்கும். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

லீவு நாளில் பாண்டி முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். பின்னாளில் என் மருமகனான ராசுவும் அவரிடம்தான் ஜீப்பு ஓட்டப் பழகினார். என் மகள் செல்வியைக் கட்டிக்கொண்டு, இப்போது அந்த ஜீப்பையே அதே பாதையில் ஓட்டுகிறார். ஓட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவர் காதில் ஒருத்தர் பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த ஒருத்தரைப் பற்றித்தான் பாண்டிக்கும் ராசுவுக்கும் சண்டை. செல்போனில் வருகிற வீடியோவில் மைக்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இதைப் படிக்கிற நீங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது போய்விடும். மைக்குக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஊருக்குப் பேசுவது எங்கள் வழக்கம். மாமன் மச்சான் இரண்டு பேரும் முதலில் மழை, காய் விலை என்று ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு ராசு ரொம்பச் சந்தோசமாக இருந்தார்.

"மச்சான், நம்ம ஆளு போட்டது பாத்தீங்களா? மெட்டுச் செக்போஸ்ட்டுல தோட்டத்து ஜீப்பை நிறுத்திப் போடுறாங்கல்ல, பிச்சு ஒதறிட்டாப்புல!"

"எப்ப இருந்து மாப்ளே அந்த ஆளு நம்ம ஆளு?"

"எங்களைப் பத்திப் பேச வேற யாரு இருக்கா? டிவிக்காரன் வந்தானா, பேப்பர்காரன் வந்தானா? அவரு ஒருத்தருதான பேசுனாரு."

"இன்னைக்கு ஒங்களைப் பத்திப் பேசுவான், நாளைக்கு ஒரு பொம்பளைப்புள்ளையை அசிங்கமாப் பேசுவான். போன வாரம் அந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணைப் பேசுனது பேச்சா? ஒங்க வீட்டுலயும் ஒரு பொம்பளைப்புள்ள இருக்கு."

"கோவத்துல ரெண்டு வார்த்தை வந்துரும். அதுக்காகச் சொன்னது எல்லாம் பொய்யாயிருமா?" என்ற ராசு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "சண்டை போடாதீங்க மச்சான். நீங்க செய்யுற சிப்புலதான் அவரு எங்க கை வரைக்கும் வர்றாரு. எல்லாம் ஒங்க புண்ணியம்."

"அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

இந்த இடத்தோடு நின்றிருக்கலாம். நான் பாண்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகன் முன்னால் முகம் காட்டிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. எது சொன்னாலும் செல்வி வழியாகத்தான் சொல்வேன்.

ராசு விடவில்லை. மைக்குக்காரர் வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார், அதனால்தான் மச்சானுக்குக் குத்துகிறது என்றார். பாண்டிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது மாப்ளே. நாள் பூராம் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அந்த ஆளு கத்துறதையே கேட்டா மூளை இப்பிடித்தான் ஆகும்."

படம் நின்றுவிட்டதோ என்று நான்கூட எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. ராசு கண்ணைச் சிமிட்டுவது தெரிந்தது.

"சரிங்க சார்" என்றார். போன் அணைந்தது.

மச்சான் என்று கூப்பிட்ட வாய் சார் என்று சொல்லிவிட்டது. பாண்டி ரொம்ப நேரம் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டியரிங் என்று சொன்னானே, அவனைப் படிக்க வைத்ததும் ஒரு ஸ்டியரிங்தான். அது அவனுக்கும் தோன்றியிருக்கும்.

பகலில் தனியாக இருக்கும்போது அந்த மைக்குக்காரர் அப்படி என்னதான் பேசுகிறார் என்று போட்டுப் பார்த்தேன். முதலில் பார்த்ததில் மலையில் காய் எடுக்கிற பொம்பளைகளைப் பற்றிப் பேசினார். மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்பது, அட்டைக் கடி, ஜீப்பில் அடைத்துப் போவது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்களை யார் பேசினார்கள் இதுவரை? அது முடிந்ததும் நான் தொடாமலே இன்னொன்று தானாக ஓடியது. அதில் புருசனை விட்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, காதில் வாங்க முடியாத பேச்சு. அணைக்கத் தெரியாமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அங்கேயும் பேசிக்கொண்டே இருந்தார். மறுநாள் போனைத் திறந்தால் மறுபடி அவர்தான் நிற்கிறார். ஒரு தடவை பார்த்ததை வைத்து இவளுக்கு இதுதான் வேண்டும் என்று போனும் ஊகித்துவிட்டது. திரும்பி வரச் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

5

செல்விக்கு ரொம்ப வருசம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அதற்கு ஆவணியில் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பாண்டி போன தீபாவளிக்கே தோடு வாங்கி, தான் வேலை பார்க்கிற மேசை இழுப்பறையில் வைத்திருந்தான். சின்னப் பூத் தோடு. கம்ப்யூட்டரில் யாரோடோ பேசிக்கொண்டே அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுவான்.

சண்டைக்குப் பிறகு அழைப்பு வரவில்லை. செல்விதான் எனக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா, அவரு ஒரே புடியா நிக்கிறாரு. அவுக பெரியப்பா மகன் மடியில வெச்சுக் குத்திக்கிருவோம்கிறாரு."

"தாய்மாமன் கல்லு மாதிரி இருக்கையில அடுத்தவன் மடியிலயா? ஊரு என்ன நெனைக்கும்? எம் மகனுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னுல்ல நெனைக்கும்?"

"நான் சொல்லலேன்னா நெனைக்கிற? அண்ணன் ஒரு வார்த்தை பேசட்டும், மறுநிமிசமே அழைக்கிறேங்கிறாரு. அண்ணங்கிட்டச் சொல்லும்மா."

பாண்டியிடம் சொன்னேன். "அழைக்காத வீட்டுக்கு எப்பிடிம்மா போறது? அவரு மொதல்ல கூப்புடட்டும்" என்றான்.

"ஒரு வார்த்தை..."

"நான் பேசுனா அவரு என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும்மா. மைக்கைப் புடிச்சவன் சொன்னதையே திருப்பிச் சொல்வாரு."

அந்தப் பக்கம் ராசுவும் இதையேதான் சொன்னாராம். "அவரு என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியாதா செல்வி?" என்று. எதிராளி வாயைத் திறக்கும் முன்பே இருவரும் ஊகித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு பக்கமும் சரி என்றால்தான் திறக்கிற கேட்டு என்று பாண்டி சொன்னானே, அது இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொல்லவில்லை. சிப்பைப் பற்றி அவனிடமே நான் பேசுவதா?

நான் போய் நின்றால் நடக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நான் போக முடியாது. இங்கேயே தங்குவதற்கான பேப்பர் ஆபீசில் இருக்கிறது. அது கைக்கு வருவதற்குள் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினால் விண்ணப்பம் கைவிட்டுப் போகும், மறுபடி முதலிலிருந்து என்று வக்கீல் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இறந்தபின் போடி வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கூடி முடிவெடுத்துத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள். அப்போதெல்லாம் கூடித்தான் முடிவெடுத்தார்கள்.

6

ஒரு சாயந்தரம் அடுப்படியில் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, செல்வியோடு பேச வேண்டும் போல் இருந்தது. ஊரில் விடியக்காலை, கூப்பிட்டால் குழந்தை எழுந்துவிடும். அதனால் மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்பினேன். அது எனக்கு நன்றாகவே பழக்கம். செல்வி அவள் பெயருக்குப் பக்கத்தில் குழந்தை படத்தை வைத்திருப்பாள். அதைப் பார்த்துத்தான் தொடுவேன்.

என்ன பேசினேன் என்று இன்னும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. பிறகு அத்தனை தடவை எல்லோரும் போட்டுக் கேட்டார்கள்.

"செல்வி, அம்மா பேசுறேன். பாப்பாவை யாரு மடியில வெச்சாலும் தலையை ஆட்டாமப் புடிக்கச் சொல்லு, வலிச்சிரும். ஒங்கண்ணன் தோட்டைத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டே இருக்கான், வேற ஒண்ணும் இல்ல. அங்க மழைன்னு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளையை எறக்கத்துல பாத்து வரச் சொல்லு. ஒங்கப்பா சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு ஆரனை அடிச்சு ஒதுங்கி நிக்கச் சொல்லு. கொஞ்ச நேரம் நிக்கிறதுல ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்டாரு. வேற என்ன... ரசம் வெச்சேன். புளி சரியில்ல. வெச்சிர்றேன்."

அவ்வளவுதான். மழை பெய்கிறதே, வண்டியைப் பார்த்து ஓட்டட்டும் என்று சொன்னேன். அதைத் தவிர ஒரு நினைப்பும் எனக்கு இல்லை.

நிலா தன் போனைப் பார்த்தபடியே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பாட்டி, இதை நீங்க ஃபேமிலி குரூப்ல போட்டுட்டீங்க."

"எங்க?"

"எல்லாருக்கும் போயிருச்சு. ராசு மாமாவுக்கும்."

குடும்பக் குரூப்புக்கும் அதே குழந்தை படத்தைத்தான் செல்வி வைத்திருந்தாள். சண்டைக்குப் பிறகு யாரும் அதில் ஒன்றும் போடாததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நிலா அழிக்கிறேன் என்று எதையோ அழுத்தினாள். அது என் போனிலிருந்துதான் அழியுமாம். என் போனை எடுப்பதற்குள் இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது. அதாவது எல்லோரும் கேட்டாயிற்று. ஜீப்பு எடுக்க ஊரில் இருட்டோடே எழுந்துவிடுவார்கள்.

மருமகனைப் பற்றி, மருமகன் காதுபட, ஒதுங்கி நிற்கச் சொல்லு, குறைந்து போக மாட்டார் என்று பேசியிருக்கிறேன்! மாமியார்க்காரி கடல் தாண்டிப் போயும் புத்தி சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பாண்டி வேலை முடிந்து வந்தான். என் அறை வாசலில் வந்து நின்றான், நிழல் தெரிந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டான். அவனும் கேட்டிருக்கிறான். தோட்டைப் பற்றியும் சொல்லித் தொலைத்திருக்கிறேனே.

கவிதாதான் சோற்றுத் தட்டோடு வந்தாள். "சாப்புடுங்க அத்தே. ரசம் நல்லாத்தான் இருக்கு. புளிதான் சரியில்லைன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

7

மறுநாள் காலை பாண்டி தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். ஊரில் அப்போது சாயந்தரம், ஜீப்புகள் இறங்குகிற நேரம். அவன் போன் டிங்கென்றது. பார்த்தவன், தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டான்.

"யாருப்பா?"

"மாப்ளே... குரூப்புல."

அழுத்தினான். முதலில் மழைச் சத்தம். தகரத்தில் விழுகிற மழை. அதற்கடியில் ஜீப்பு எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடுகிற சத்தம், பின்னால் பொம்பளைகள் ஏதோ பேசுவது. பிறகு ஆரன். சின்ன இடைவெளி விட்டு இன்னோர் ஆரன். அதோடு முடிந்தது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை.

நிலா பயந்துபோய், "ராசு மாமா ரொம்பக் கோவமா இருக்காங்களாப்பா?" என்றாள். அவள் வளர்ந்த ஊரில் ஆரன் என்றால் திட்டுதான்.

பாண்டி அதை மறுபடி போட்டான். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான்.

"தண்ணி விழுகுற சத்தம் கேக்குதாம்மா? புலியூத்து வளைவு. அங்கதான் நிக்கிறாரு."

தோசை கருகி வாடை வந்தது. கவிதா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். பாண்டி அங்கேயே நின்றபடி கூப்பிட்டான். மணி ரெண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"மாப்ளே."

"ம்."

"ஏறி வர்றேன் மாப்ளே."

மழைக்குள்ளிருந்து ராசு குரல் வந்தது. "வாங்க மச்சான். பாத்து வாங்க."

"அன்னைக்கு அந்த ஸ்டியரிங்..."

"விடுங்க மச்சான். பின்னாடி ஏழெட்டுப் பேரு ஒக்காந்து நம்ம பேச்சைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காக. அத்தை சாப்பிட்டாகளா? ஒரே ஒண்ணு. நான் ரெண்டு ஆரன் அடிச்சதுக்கு எதிர வண்டி எதுவும் வரல. இவுக எல்லாரும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்கிறாக."

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: "ஆமா யண்ணே, புடிச்சுத்தான் போச்சு! வெரசா வண்டியை எடுக்கச் சொல்லுங்க, வீட்டுல அடுப்புப் பத்த வெக்கணும்!"

பாண்டி சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நிலா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாவற்றையும் நான் அவளுக்கு விளக்க முயன்றேன். என் தமிழ் பாதி அவளுக்குப் புரியவில்லை, அவள் கேள்வி பாதி எனக்குப் புரியவில்லை. "ஸோ, ஆரன்னா ஸாரியா பாட்டி?" என்றாள். இல்லை, அதுவும் இல்லை. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

8

பாண்டியும் நிலாவும் போனார்கள். எனக்குப் பேப்பர் வரவில்லை. கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. காது குத்துகிற அன்று அவளுக்குச் சாயந்தர டூட்டி. ஊரில் அன்று காலை, இங்கே முந்தின நாள் பொழுது அடைகிற நேரம். நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, அடுப்படி மேசையில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கட்டினேன்.

அந்தப் பக்கம் போனைப் பிடித்தது நிலா. முதலில் எல்லோரையும் காட்டினாள். பாண்டி வேட்டி கட்டி, மணையில் சம்மணம் போட்டு, மடியில் குழந்தையோடு இருந்தான். ஆசாரி கிட்டே வந்ததும் நிலா பயந்துபோய்ப் போனைத் திருப்பிவிட்டாள். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்தல் துணியும் ஒரு மின்விசிறியும்தான்.

குழந்தை வீரிட்டது. "மச்சான், தலையைப் புடிச்சுக்கங்க, ஆட்டுறா!" என்று ராசு குரல். "புடிச்சுட்டேன் மாப்ளே, நீங்க பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்புங்க" என்று பாண்டி குரல். யார் அதிகம் நடுங்கினார்கள் என்று பந்தல் துணியைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பிறகு பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நிலா காட்டினாள். ராசு ஏதோ சொல்ல ஆரம்பித்தார், "மச்சான், நேத்து நம்ம ஆளு..." என்று. "மாப்ளே, சோத்தைத் தின்னுங்க" என்றான் பாண்டி. சிரிப்புச் சத்தம். அதோடு படம் உறைந்து, அறுந்துபோனது. திரும்பக் கூப்பிட்டேன். கிடைக்கவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. கல்யாண வீடு மாதிரி இருக்கிற இடத்தில் யாருக்குப் போன் ஞாபகம் வரும்? அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெளியே இருட்டிவிட்டது. சன்னலில் ஒரு கார் சத்தமில்லாமல் போனது. சேலையை மாற்ற மனசில்லாமல் அப்படியே என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். பாண்டி இந்த ஊர்க் கடையில் சட்டம் போட்டுக்கொடுத்த படம். நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. கூப்பிட்டுப் பேசப் பெயர் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் போனை எடுத்து, ராசு அனுப்பினதைத் தேடிப் பிடித்துப் போட்டேன்.

மழை. எஞ்சின். ரெண்டு ஆரன்.

யாருமில்லாத வீட்டில் அது பெரிதாகக் கேட்டது. அது ராசு அடித்ததுதான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஜீப்பு அவர் ஜீப்பு. ஆரனும் அவர் ஆரன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஓரம் கட்டிவிட்டு, நீ ஏறி வா என்று நிற்கிற மாதிரியே இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். "பேப்பர் இன்னும் வரல."